ஃபிட்டர் சீட்டும் துளசிப் பொட்டலமும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம் மண்டபத்தில் ஒரே பேச்சுதான். சகஸ்ரநாமம் முடித்து, தொன்னையில் சுண்டலை வாங்கிக்கொண்டு, முட்டியைத் தடவியபடி உட்காருவோம். யார் பேரனுக்கு எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ் என்று ஆரம்பிக்கும். ஐ.டி.ஐ. என்று யாராவது சொல்லிவிட்டால், "அய்யோ பாவம், மார்க்கு வரலியா?" என்று ஒரு குரல் வரும். ஆளுக்கொரு யோசனை சொல்வீர்கள். நான் சுண்டலைத் தின்றுகொண்டிருப்பேன். எட்டாவதோடு நின்றவளுக்குப் படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்களும் என்னைக் கேட்பதில்லை.

என் ஒன்பது வயதில் ஒரு பிள்ளையின் படிப்பை நான்தான் தீர்மானித்தேன். வாயால் சொல்லவில்லை, கையால். அந்தக் கை இப்போது நடுங்குகிறது; எழுத்து கோணலாக விழுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்திருந்த சமயம். நாங்கள் திருவள்ளூரில் இருந்தோம். அமாவாசைக்குக் கூட்டம் வந்து குளத்தில் வெல்லம் கரைக்குமே, அந்தப் பெரிய கோயில் வேறு. எங்களுடையது ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த சின்னப் பெருமாள் கோயில். அதற்கு ஒரு நந்தவனம், நந்தவனத்து மூலையில் ஓடு போட்ட ஒரு வீடு. அந்த வீட்டில்தான் நைனா, அம்மா, அண்ணன், நான். பெருமாளுக்குத் துளசியும் பூவும் பறித்து மாலை கட்டிக் கொடுப்பது எங்கள் குடும்பத்துக் கைங்கர்யம். விடிந்ததும் குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, ஈரத் துணியோடு நைனா கூடையை எடுப்பார். நான் பள்ளிக்கூடம் போகும்வரை அவருக்கு எதிரே உட்கார்ந்து துளசியைக் காம்பு காம்பாக அடுக்கித் தருவேன். என் சிலேட்டுப் பலகை, பாவாடை, தயிர்சாதம் எல்லாவற்றிலும் துளசி வாசம்தான். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பெண், "உங்கிட்ட தீர்த்தம் குடுக்கறா மாதிரியே வாசம் வருதுடி" என்று கேலி செய்வாள்.

அண்ணனுக்குப் பதினேழு வயது. அவனுக்கு மாலையும் நன்றாகக் கட்ட வரும். ஆனால் மனசு இரும்பில் கிடந்தது. தண்டவாளத்து ஓரத்தில் கிடைத்த ஒரு பழைய அரம் வைத்திருந்தான். பிடி இல்லாத அரம். கொய்யாக் கட்டையில் அவனே பிடி செதுக்கிப் போட்டான். அம்மாவின் கிழிந்த புடவைத் துண்டில் அதைச் சுற்றி, கூரை எரவாணத்தில் செருகியிருப்பான். யாராவது தொட்டால் போச்சு.

நந்தவனத்துக் கிணற்று ராட்டினம் வருஷக்கணக்காய்க் கத்திக்கொண்டிருந்தது. தெருக்கோடி வரை கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைக் கழற்றினான். அச்சு ஒரு பக்கம் தேய்ந்துபோய் கோணலாக ஆடுகிறது என்றான். நாள் முழுக்க உட்கார்ந்து அரத்தால் ராவினான். சாயந்திரம் மாட்டி, விளக்கெண்ணெய் விட்டு, என்னை இழுக்கச் சொன்னான். கயிறு போனதே தெரியவில்லை. குடம் தண்ணீரைத் தொடுகிற சத்தம்தான் கேட்டது. நைனா எட்டிப் பார்த்தார். "இன்னாடா, ராட்டினம் ஊமையாப் போச்சா?" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அண்ணன் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினான். அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூட டிராயிங் வாத்தியார் சொல்லி, அண்ணனும் அவன் சிநேகிதனும் மனு போட்டிருந்தார்கள். சிநேகிதன் ரயில்வே கேங்மேன் மகன். அண்ணனைவிட மார்க்கு குறைவு. இரண்டு பேருமே ஃபிட்டர் என்று எழுதியிருந்தார்கள். இது எதுவும் வீட்டில் தெரியாது. இன்டர்வியூ கார்டைக் கொண்டுவந்த தபால்காரர்தான் போட்டு உடைத்தார்.

"இன்னா பெரியவரே, எஸ்.எஸ்.எல்.சி. பட்ச்ச புள்ளய பட்டறைக்கு அனுப்பப் போறியாமே?"

நைனா வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் நீட்டினார். சொன்னதெல்லாம் அம்மாதான்.

"இரும்ப ராவப் போறியா நீ? ஊட்டுல அருவாமனை மொண்ணையா கெடக்குது. மொதல்ல அத ராவுடா."

"பட்டறை இல்லம்மா. கவர்மென்ட் ட்ரெய்னிங். ரெண்டு வருசம். முட்ச்சா ஆவடி, அம்பத்தூர்னு எந்த கம்பெனிக்காரனும் கூப்புடுவான். கும்மிடிப்பூண்டி பக்கம்கூட ஃபேக்டரி வரப் போவுதுன்னு வாத்தியார் சொன்னாரு."

"பெருமாள் கைங்கர்யம் யாரு பண்ணுவா? கும்மிடிப்பூண்டிலர்ந்து வந்து பண்ணுவானா கம்பெனிக்காரன்?"

அண்ணன் நைனாவைப் பார்த்தான். நைனா கட்டிக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நைனா, நீ சொல்லு. போவட்டா, வாணாவா?"

போ என்றோ, போகாதே என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. அவர் மாலையை முடித்து, முடிச்சுப் போட்டு, ஈரத் துணியால் மூடினார். பிறகு, "பெருமாள கேட்டுடலாம்" என்றார்.

நம்மவர்களில் இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணமோ, நிலம் வாங்குவதோ, மனசு தீர்மானத்துக்கு வராவிட்டால் சன்னதியில் பொட்டலம் வைத்துக் கேட்பது. எங்கள் கோயிலில் வாழைச் சருகில் இரண்டு பொட்டலம். ஒன்றில் துளசி, ஒன்றில் நந்தியாவட்டை. பெருமாள் திருவடியில் வைத்து பட்டர் எடுத்துவருவார். குளித்து வந்த சின்னப் பெண் குழந்தை ஒன்றை எடுக்கும். துளசி வந்தால் அண்ணன் கைங்கர்யத்தில் இருக்க வேண்டும். நந்தியாவட்டை வந்தால் பயிற்சிக்குப் போகலாம். புதன்கிழமை காலை என்று முடிவாயிற்று. இன்டர்வியூ வியாழக்கிழமை. எடுக்க வேண்டிய குழந்தை நான்.

"அது பச்சப் புள்ள. அதுக்கு இன்னா தெரியும்? பெருமாள்தான் அது கைய புட்ச்சி எடுப்பாரு" என்றாள் அம்மா.

அதுக்கு என்ன தெரியும் என்று அண்ணனுக்குத் தெரியும். புதன்கிழமை காலை கிணற்றடியில் என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"பாப்பா, துளசி எதுல கீதுன்னு உன் மூக்குக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"நந்தியாவட்டைக்கு வாசமே கெடயாது. வாசம் வர்றத தொடாத. வராதத எடு. புரிதா?"

"பெருமாள் கோச்சுக்க மாட்டாரா?"

"கோச்சுக்கினா எங்கிட்ட கோச்சுக்கட்டும். நான் பாத்துக்கறேன்." குடத்தைக் கீழே வைத்தான். "எனக்கு வேற யாரும் இல்ல பாப்பா. அம்மா கத்தறா. நைனா வாய தொறக்க மாட்டேன்றாரு. நீ ஒருத்திதான்."

நான் தலையை ஆட்டினேன். மனசார ஆட்டினேன். சன்னதி வாசலை மிதிக்கும்வரை அப்படியேதான் செய்வதாக இருந்தேன்.

உள்ளே போனோம். மடப்பள்ளித் தளிகை வாசனை, எண்ணெய் வாசனை, நைனா சாற்றிய மாலையின் ஈரம். பட்டர் கற்பூர ஆரத்தி காட்டினார். பெருமாளின் கண் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நீங்களும் குழந்தையில் அப்படி நின்றிருப்பீர்கள். பட்டர் தட்டை என் முன்னால் நீட்டினார். இரண்டு பொட்டலமும் ஒரே அளவு. நைனா கட்டியது, அளவு தப்புமா?

"கொழந்தே, பெருமாளை நன்னா சேவிச்சுண்டு ஒண்ணை எடு. மனசுல எதையும் வெச்சுக்காதே" என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்த வயது வரைக்கும் அதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் நல்லவன். அவன் கேட்பது நியாயம். நியாயமாக இருந்தால் பெருமாளே நந்தியாவட்டையை என் கையில் கொடுப்பாரே, நான் எதற்குத் திருட வேண்டும்? வாசம் பார்த்து எடுத்தால் பெருமாளை நம்பவில்லை என்றல்லவா ஆகும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குளத்தில் முங்கும்போது பிடிப்பேனே, அப்படி. கண்ணையும் மூடிக்கொண்டேன். கையை நீட்டினேன். முதலில் பட்டதை எடுத்தேன்.

பட்டர் பிரித்தார். துளசி.

நைனா தடாலென்று தரையில் விழுந்து சேவித்தார். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். "பெருமாளே சொல்லிட்டாரு" என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அப்போதுதான் மூச்சை விட்டேன். விட்டதும் தட்டிலிருந்து வாசம் குப்பென்று வந்தது.

அண்ணன் பலிபீடத்துக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "வாசம் வரலியா?"

"வரல" என்றேன். அது பொய்யில்லை.

"தெனம் துளசில பொரள்ற கழுத, உனக்கா வாசம் வரல?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டான். மூச்சைப் பிடித்த கதையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. வார்த்தை வந்த வயதில் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை காலை சிநேகிதன் வந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். "டேய், வர்றியா இல்லியா? வண்டி வந்துடும்டா" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினான்.

"நீ போடா. எனக்குப் பூ பறிக்கணும்."

"வெளையாடாதடா. ரெண்டு பேரும்தான போறோம்னு சொன்ன?"

"போடான்னா போயேன். இன்னா பேஜாரா பூட்ச்சி உன்னோட?"

கரிவண்டி ஊதிக்கொண்டு போயிற்று. அண்ணன் நந்தியாவட்டைச் செடிகளையெல்லாம் மொட்டையடித்தான். ஒரு பூ விடாமல். நைனா அதையெல்லாம் கூடையில் வாரிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்போல அண்ணன் என்னோடு பேசவில்லை. சோறு போடச் சொன்னால்கூட அம்மாவிடம்தான் சொல்வான். நைனாவோடு பேசினான், அம்மாவோடு பேசினான், கோயிலில் ஒரு குறை வைக்கவில்லை. பெருமாளோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால் என்னோடு போட்டான். ராட்டினம் மறுபடி கத்த ஆரம்பித்தது. அவன் எண்ணெய் விடவில்லை. எரவாணத்தில் அரமும் இல்லை. எங்கே போட்டான் என்று கேட்க எனக்கு வாயில்லை.

சிநேகிதனுக்கு ஃபிட்டர் சீட்டு கிடைத்துவிட்டது. காக்கிச் சட்டையோடு காலை வண்டியில் போவான், சாயந்திர வண்டியில் வருவான். மூன்று நாலு மாதம் கழித்து ஒரு நாள் வந்து, டவுசர் பையிலிருந்து சின்ன இரும்புக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். பகடைக்காய் மாதிரி ஆறு பக்கமும் ராவியிருந்தது. ராவி ராவி அவன் கையெல்லாம் காய்ப்பு. "மூணு வாரம்டா இதுக்கு" என்றான் பெருமையாக.

அண்ணன் கையில் துளசிக் கறை. வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். கண்ணுக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். கட்டை விரலை ஓரத்தில் மெதுவாக ஓட்டினான். "இந்த மூல தூக்கினு கீது" என்றான்.

சிநேகிதன் வாயைப் பிளந்தான். "எங்க வாத்தியாரு ஸ்கொயர் மட்டம் வெச்சுப் பாத்துட்டு இதையேதான்டா சொன்னாரு!"

அண்ணன் கட்டியைத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்க மனசில்லாமல் கொடுத்ததை நான் பார்த்தேன். நைனாவும் பார்த்தார். அன்று நைனா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

நைனாவின் வயிற்றில் என்ன இருந்தது என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு மீஞ்சூரில் கல்யாணம் ஆகி, முதல் பிரசவத்துக்கு வந்திருந்தேன். நைனா படுத்த படுக்கையாக இருந்தார். அண்ணன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஊடு நம்முது இல்ல பாப்பா. மால கட்றவனுக்குத்தான் ஊடு. புள்ள போயிட்டான்னா, நான் கண்ண மூடுன மறுநாளு உங்கம்மா தெருவுல நிக்கணும்."

"இத அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே நைனா?"

"புள்ளகிட்ட போயி எப்டி கெஞ்சறது? பெருமாள்கிட்டன்னா கெஞ்சலாம்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இதை அன்றைக்கே அண்ணனிடம் சொல்லியிருந்தால் அவன் தானாகவே இருந்திருப்பானோ என்னவோ. இல்லை, சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பான். இரண்டில் எதுவாக இருந்தாலும் அது அவன் எடுத்த முடிவாக இருந்திருக்கும். அம்மா அந்த வீட்டிலேயேதான் கண்ணை மூடினாள், தெருவில் நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். துளசி வந்தது தப்பு என்று என்னால் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியவில்லை.

சிநேகிதன் அம்பத்தூரில் வேலை பார்த்து, பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தபோது அங்கே ஃபோர்மேனாகி, ரிடையரும் ஆகிவிட்டான். என் மகனும் பத்தாவது முடித்ததும் வெல்டர் பயிற்சிக்குப் போகிறேன் என்றான். என் வீட்டுக்காரர், "பெரியபாளையத்துக்குப் போயி அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம்" என்றார். "வாணாங்க. அவனையே கேளுங்க" என்றேன். கல்யாணமாகி நான் அவர் பேச்சை மறுத்தது அது ஒரு தரம்தான். மகன் கும்மிடிப்பூண்டிக்குத்தான் ஷிப்ட் பஸ்ஸில் போய்வருகிறான். கண் எரிகிறது, கான்ட்ராக்டர் படுத்துகிறான், வேற எதுனா படித்திருக்கலாம் என்று இப்போது அவனே சொல்கிறான். சொல்லட்டும். யாரையும் திட்ட முடியாமல் தன்னையே திட்டிக்கொள்கிறான். அண்ணனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

போன தை மாதம் அண்ணனைப் பார்க்கப் போனேன். அண்ணி பெண் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு குனிய மாட்டேன் என்கிறது, ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறான். எதிரே உட்கார்ந்து பழைய வழக்கப்படி துளசியை அடுக்கிக் கொடுத்தேன். நாஷ்டா சாப்பிட்டாயா, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பேச்சு ஓடியது. எங்களுக்குள் எப்போதோ எல்லாம் சரியாகிவிட்டது. என் கல்யாணத்தில் எனக்காக ஓடி ஓடி வேலை செய்தவன் அவன்தான். ஆனாலும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

"அண்ணா, அன்னைக்கு நான் மூச்சப் புட்ச்சிக்கினேன்."

"என்னைக்கு?"

"பொட்டலம் எடுத்த அன்னைக்கு. வாசம் வரக் கூடாதுன்னு. வேணும்னு துளசிய எடுக்கல. எது வந்தாலும் பெருமாள் குடுத்ததா இருக்கட்டும்னு கண்ண மூடிக்கினு எடுத்தேன். அவரு உனக்கு நந்தியாவட்டைதான் குடுப்பாருன்னு நெனச்சேன்."

அவன் கை நின்றது.

"வாசம் பாத்து எட்த்திருந்தா இன்னா பண்ணியிருப்பாரு அவரு? ஒரு வாரம் கோச்சுக்கினு இருந்திருப்பாரு. நான் ரெண்டு மால ஜாஸ்தியா போட்டு சரி பண்ணியிருப்பேன்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன் பாப்பா" என்றான். "நீ வாசம் பாத்துத்தான் எட்த்தேன்னு. அண்ணன் போயிடுவானேன்னு, வுட மனசு இல்லாம நீ துளசிய எட்த்துட்டன்னு. ஆரம்பத்துல ஆத்திரம்தான். அப்பறம், சரி, நம்மள போவ வாணான்னு நெனக்க ஒரு ஜீவன் இருந்துச்சேன்னு... அத வெச்சிக்கினுதான் ஒட்டிக்கினு இருந்தேன் இத்தினி வருசம்."

"அப்டியே வெச்சிக்கோயேன் அண்ணா" என்றேன். என்ன பேச்சு அது! சொன்ன பிறகு எதை வைத்துக்கொள்வது?

"அதான் சொல்லிட்டியே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுபடி நாரை எடுத்துக் கட்ட ஆரம்பித்தான். நான் அடுக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். மாலை முடிந்ததும், "உன் வண்டிக்கு நேரமாயிட்ச்சி, கெளம்பு" என்றான். வாசல் வரை வந்தான். பார்த்துப் போ என்று எப்போதும் சொல்வான். அன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து நானும் அவனும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மழை, மருந்து, கோயில் விசேஷம். வித்தியாசம் ஒன்றும் தெரியாது, கேட்கிறவர்களுக்கு. மண்டபத்தில் பிள்ளைகள் படிப்பைப் பற்றி நீங்கள் பேசும்போது இனிமேலும் என் யோசனையைக் கேட்காதீர்கள். நான் பெருமாளை ஏமாற்றவில்லை. அண்ணனிடமும் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டும் சத்தியம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.